பவளத்துக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும்? சிறிய கடல்நீர்த் தொட்டியும் ஒளிச்சேர்க்கைப் பாடமும்



“ஒளிச்செறிவு கூடினால் ஒளிச்சேர்க்கை வீதமும் கூடும்.” மாணவர்கள் மனப்பாடமாக எழுதும் வரி இது. தப்பில்லைதான், ஆனால் பாதி விடைதான். மீதிப் பாதியைத் தெரிஞ்சுக்க ஒரு சிறிய கடல்நீர்த் தொட்டி போதும். அறிவியல் அறையிலோ வீட்டிலோ புதிதாகப் பவளம் வைப்பவர்கள் பலர், பிரகாசமான எல்.ஈ.டி. விளக்கை வாங்கி மாட்டி, முதல் நாளே முழு வெளிச்சத்தையும் போட்டுவிடுகிறார்கள். சில நாளில் பவளம் வெளிறிப்போகிறது. ஏன் அப்படி?

பவளம் விலங்கு, அதற்குச் சமைப்பது பாசி

பவளம் செடி இல்லை, விலங்கு. அதன் திசுவுக்குள் சூசாந்தெல்லே எனும் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பாசி ஒளிச்சேர்க்கை செய்து சர்க்கரை தருகிறது. பவளம் இருக்க இடமும் கார்பன் டை ஆக்சைடும் தருகிறது. பவளத்துக்குத் தேவைப்படும் ஆற்றலில் 90 விழுக்காடு வரை இந்தப் பாசியிடமிருந்தே கிடைக்கலாம். சுண்ணாம்புக் கூடு கட்டுவதும் இருட்டைவிட வெளிச்சத்தில்தான் வேகமாக நடக்கும். இது இரு தரப்புக்கும் பயன் தரும் கூட்டுவாழ்வு.

ஒளி அளவுக்கு மீறினால் கதை மாறும். பாசியால் அத்தனை ஆற்றலையும் பயன்படுத்த முடியாது. மிஞ்சிய ஆற்றல், திசுவைத் தாக்கும் ஆக்சிஜன் வடிவங்களை உண்டாக்குகிறது. பவளம் பாசியையே வெளியேற்றிவிடும். நிறம் தந்த பாசி போனதும் வெள்ளைக் கூடு வெளியே தெரிகிறது. இதுதான் பவளம் வெளிறுதல். வெளிறிய பவளம் உடனே சாவதில்லை. ஆனால் பட்டினி கிடக்கிறது.

ஏன் நீல விளக்கு?

கடல்நீர் சிவப்பு ஒளியைச் சில மீட்டர் ஆழத்துக்குள் உறிஞ்சிவிடும். தெளிந்த நீரில் ரொம்ப ஆழம் போவது நீல ஒளி. அந்த ஒளிக்குப் பழகிய பாசியின் நிறமிகளும் நீலத்தை நன்றாக உறிஞ்சும். அதனால்தான் 440 முதல் 480 நானோமீட்டர் வரையான நீலமும் கொஞ்சம் வெள்ளையும் கலந்த விளக்கைப் பயன்படுத்துகிறார்கள்.

எதை அளக்க வேண்டும்?

வாட் என்பது விளக்கு செலவழிக்கும் மின்திறன். லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம். நம் கண்ணுக்கு நீலம் மங்கலாகத் தெரிவதால், நீல விளக்கின் லக்ஸ் அளவு ஏமாற்றும். பவளத்துக்கு வேண்டியது 400 முதல் 700 நானோமீட்டர் வரையான, ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளி. இதைப் பி.ஏ.ஆர். என்பார்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு வினாடிக்கு எத்தனை மைக்ரோமோல் என்று அளப்பார்கள். வெப்ப மண்டல நண்பகல் வெயில் சுமார் 2000. தொட்டிக்கு அவ்வளவு வேண்டவே வேண்டாம்:

• காளான் பவளம், மென்பவளம்: 50–100 (தொட்டியின் அடிப்பகுதி)
• பெரிய பாலிப் கொண்ட கல்பவளம்: 80–150 (நடுப்பகுதி)
• மான்கொம்புப் பவளம்: 200–350 (மேல்பகுதி, புதிதாகத் தொடங்குவோர் தவிர்க்கலாம்)

மெதுவா கூட்டணும்

முதல் வாரம் விளக்கின் திறனில் மூன்றில் ஒரு பங்கு, நாளுக்கு 6 மணி நேரம் போதும். பிறகு வாரத்துக்கு 5 முதல் 10 விழுக்காடு கூட்டி, 8 அல்லது 9 மணி நேரத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். டைமர் கட்டாயம். விடுமுறையில் விளக்கை அணைக்க யாரும் இல்லை என்ற பிரச்சினையும் தீரும்.

பவளமே சைகை காட்டும். ஒளி குறைந்தால் பழுப்பேறி மேல்நோக்கி நீளும்; கூடினால் சுருங்கி வெளிறும்.

நம் ஊர் வெப்பம்

தொட்டி நீர் 25 முதல் 27 பாகை செல்சியஸில் இருப்பது நல்லது. நம் அறைகள் பகலில் 30ஐத் தொடும். விளக்கும் சூடு சேர்க்கும். வெப்பமும் கடும் ஒளியும் சேர்ந்தால் பவளம் இன்னும் சீக்கிரம் வெளிறும். 2010இல் கடல் வெப்பம் கூடியபோது தியோமான், ரெடாங் போன்ற தீவுகளில் சில முக்குளிப்பு இடங்களைத் தற்காலிகமாக மூட வேண்டியதாயிற்று.

சின்ன மின்விசிறியை நீர்ப்பரப்பின் மேல் வைத்தால் ஆவியாதல் மூலம் நீர் குளிரும். குறைந்த அளவுக்குச் சுத்திகரித்த நன்னீரையே ஊற்ற வேண்டும். ஏன்? ஆவியாவது நீர் மட்டும். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது.

வகுப்பறை நடவடிக்கை

பவளத்தைச் சோதனைப் பொருளாக்காதீர்கள். அது உயிருள்ள விலங்கு. கடல் பூங்காக்களில் பவளம் எடுப்பது குற்றம். தொட்டிக்கு வாங்குவதாக இருந்தாலும் வளர்ப்பில் பெருக்கிய துண்டுகளையே கேட்டு வாங்குங்கள். சோதனைக்கு ஹைட்ரில்லா போதும். எல்.ஈ.டி. விளக்கை 10, 20, 30, 40 செ.மீ. தூரத்தில் வைத்து, ஒரு நிமிடத்தில் வெளிவரும் வாயுக் குமிழிகளை எண்ணச் சொல்லுங்கள்.

• தற்சார்பு மாறி: விளக்குக்கும் செடிக்கும் இடையிலான தூரம்
• சார்பு மாறி: குமிழிகளின் எண்ணிக்கை
• கட்டுப்படுத்தப்பட்ட மாறி: செடியின் நீளம், நீரின் வெப்பநிலை, நீரில் கலந்த சோடியம் பைகார்பனேட்டின் அளவு

மாதிரிக் கேள்வி

ஒளிச்செறிவு தொடர்ந்து கூடும்போது ஒளிச்சேர்க்கை வீதம் எவ்வாறு மாறும்? விளக்குக.

விடைக் குறிப்பு: தொடக்கத்தில் வீதம் உயரும், ஏனெனில் ஒளியே கட்டுப்படுத்தும் காரணி. ஒரு நிலைக்குப் பின் வரைகோடு தட்டையாகும், ஏனெனில் கார்பன் டை ஆக்சைடு அல்லது வெப்பநிலை கட்டுப்படுத்தும் காரணியாகிறது. மிகக் கடும் ஒளியில் வீதம் குறையலாம், ஏனெனில் ஒளியை ஏற்கும் அமைப்பே சேதமடைகிறது. மூன்று கட்டத்துக்கும் ‘ஏனெனில்’ போட்டுக் காரணம் எழுதுங்கள். காரணம் இல்லாத விடைக்குப் பாதி மதிப்பெண்தான் கிடைக்கும்.