பழைய பதிப்பிற்கு விடைகொடுத்தல்

யாவரும் பெறவும், திருத்தவும், பிறருக்கு வழங்கவும் உரிமையுள்ள மென்பொருளைத் திறந்த மூல மென்பொருள் என்பர். அதன் புதிய பதிப்பொன்று வெளிவந்ததும் பழையது மறைந்துவிடுவதில்லை. அதனை நம்பி இயங்கும் நிலையங்கள் பலவாயிருக்கும். ஆயின், பழையதையும் புதியதையும் என்றென்றும் பேணுதல் இயலுமோ? பேணும் பணியை எந்நாளில் நிறுத்துவது? இவ்வினாவிற்குப் பைதன் என்னும் நிரல்மொழியின் வரலாறு தக்க விடை தருகின்றது.

நெதர்லாந்து நாட்டவரான கைடோ வான் ரோசம் ஆக்கிய இம்மொழியின் இரண்டாம் பதிப்பு 2000 ஆம் ஆண்டிலும், மூன்றாம் பதிப்பு 2008 டிசம்பரிலும் வெளிவந்தன. மூன்றாம் பதிப்பு பழையதனோடு முற்றும் ஒத்துப்போகாதவாறு வேண்டுமென்றே மாற்றப்பட்டது. காரணம் யாதெனில், பழைய பதிப்பு எழுத்துகளை வெறும் பைற்றுகளாகவே கருதி வந்தது. யூ.ரி.எவ்.-8 குறிமுறையில் சேமித்த ‘அ’ என்னும் ஓரெழுத்தின் நீளம் யாதென வினவினால், அது மூன்று என்றே விடை கூறும். புதிய பதிப்போ ஒன்று எனச் சரியாகக் கூறும். தமிழ் முதலிய மொழிகளுக்கு இத்திருத்தம் பெருநன்மை பயந்தது. எனினும், பழைய நிரல்களைத் திருத்தி எழுதவேண்டிய சுமை பயனாளர்மேல் விழுந்தது.

பழைய வரிசையின் இறுதிப் பதிப்பாகிய 2.7, 2010 இல் வெளியாயிற்று. 2015 உடன் அதனைப் பேணும் பணியை முடிப்பதென முதலிற் கருதப்பட்டது. ஆனால், பலர் இன்னும் மாறாதிருந்தமையால், 2014 இல் அக்காலம் 2020 வரை நீட்டப்பட்டது. 2020 சனவரி 1 ஆந் திகதியுடன் ஆதரவு முடிவுற்றது. அதுவரை சேர்ந்த திருத்தங்கள் அடங்கிய கடைசி வெளியீடு அவ்வாண்டு ஏப்பிரலில் வந்தது.

மேலும் நீட்டியிருத்தலாகாதோ எனின், ஒவ்வொரு வழுவையும் இருமுறை திருத்தி, இருமுறை சோதித்தல் வேண்டும். அவ்வுழைப்பிற் பெரும்பகுதி தொண்டர்களுடையது. பழையதற்குச் செலவாகும் காலம் புதியதற்கு இழப்பாகும்.

ஆதரவு நின்ற மறுநாளும் பழைய நிரல் வழக்கம்போல் ஓடும். ஆபத்து அங்கேதான் உள்ளது. பின்னர் வெளிப்படும் பாதுகாப்புக் குறைகளை மூல ஆசிரியர்கள் அடைக்கமாட்டார். ஆயினும், மூலம் திறந்திருத்தலால், வேண்டுவோர் தம் செலவில் அதனைப் பேணலாம். றெட் ஹற் நிறுவனம் தன் வாடிக்கையாளர் பொருட்டு 2.7 பதிப்பினை 2024 வரை பேணிற்று.

அவ்வனுபவத்தின் பின் ஒழுங்கு தெளிவாயிற்று. இன்று ஆண்டுதோறும் ஒக்டோபரில் ஒரு புதிய பதிப்பு வருகின்றது. ஒவ்வொன்றிற்கும் ஏறக்குறைய 5 ஆண்டுக்கால ஆதரவு உண்டு. முடிவுநாளை முன்கூட்டியே அறிந்தவன் அதற்குள் மாறிக்கொள்வான், அறியாதவனே இடர்ப்படுவான். ஆதலின், எப்போது நிறுத்துவது என்பதைப் போலவே, அதனை எவ்வளவு முன்னதாக அறிவிப்பது என்பதும் முதன்மையானதாகும்.