மாணவரோடு கம்போடிய நாட்டில்

வேற்று நாட்டுச் செலவு பலவகைப்படும். வாணிகத்தின்பொருட்டுச் செல்வோர் உளர். கல்வி நாடிச் செல்வோர் உளர். பொழுதுபோக்கிற்காகச் செல்வோரும் உளர். மாணவர் குழுவிற்குத் துணையாகச் செல்லும் ஆசிரியரின் செலவு இவற்றுள் எதனுள்ளும் அடங்காது. ஊரார் அதனை விடுமுறை என்பர். பிறர் பெற்ற பிள்ளைகள் இருபத்துநால்வரைக் கடல் கடந்து அழைத்துச் சென்று, ஒருவரும் குறையாமல் திரும்ப ஒப்படைக்க வேண்டியவர்க்கு அஃது எத்தகைய விடுமுறை என்பதை அவரே அறிவர்!

2024ஆம் ஆண்டு அரையாண்டு விடுமுறையில் பதினோராம் வகுப்பு மாணவர் இருபத்துநால்வர் கம்போடிய நாட்டிற்கு ஆறு நாட் செலவு மேற்கொண்டனர். ஆசிரியர் மூவர் உடன் சென்றனர். பணியினின்று ஓய்வு பெற்ற யானும் நான்காமவனாகச் சேர்க்கப்பெற்றேன். புறப்படுமுன்பே வேலை தொடங்கிவிட்டது. ஒவ்வொருவர் கடவுச்சீட்டும் இன்னும் ஆறு திங்களேனும் செல்லத்தக்கதாக இருத்தல் வேண்டும். கம்போடிய அரசின் நுழைவிசைவு வேண்டும். பெற்றோரின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும். இன்ன மருந்து இன்னார்க்கு ஆகாது என்னும் குறிப்பும் வேண்டும். மாணவரை நால்வர் நால்வராக ஆறு அணியாக்கி, அணிக்கு ஒரு தலைவரை அமைத்தோம். பேருந்தில் ஏறுந்தோறும் தலைவர் அறுவரும் 'நால்வர் உளர்' என்று கூறிய பின்னரே வண்டி நகரும். மூன்றாம் நாளில் இவ்வழக்கத்தை எண்ணி மாணவர் நகைத்தனர், நகைத்துக்கொண்டே தலையெண்ணினர். எமக்கு அதுவே போதும்.

கோலாலம்பூர் வழியாகத் தலைநகர் புனோம் பென்னை அடைந்தோம். அந்நகரில் துவோல் சிலெங் என்னும் இடம் ஒன்று உண்டு. முன்னர் அஃது ஓர் உயர்நிலைப் பள்ளி. 1975 ஏப்ரலில் கெமர் ரூஜ் கட்சியினர் ஆட்சியைக் கைப்பற்றினர், நகர மக்களை வயல்களுக்கு விரட்டினர், பள்ளிகளை மூடினர், பணத்தின் வழக்கையே ஒழித்தனர். 1979 சனவரியில் அவ்வாட்சி வீழ்வதற்குள் மாண்டோர் தொகை 15 இலட்சம் முதல் 20 இலட்சம் வரை எனக் கணக்கிடுவர். கற்றோரும் ஆசிரியரும் அவருள் மிகப் பலர். அக்காலத்தில் இப்பள்ளி சிறையாயிற்று. வகுப்பறைகளுள் செங்கற் சுவர் எழுப்பி, ஓர் ஆள் படுக்கும் அளவேயான சிற்றறைகள் ஆக்கினர். கொண்டுவரப்பட்டோரை நிழற்படம் எடுத்தனர். அப்படங்கள் இன்று அங்கே வரிசை வரிசையாக வைக்கப்பட்டுள்ளன.

பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு இதனைக் காட்டலாமா? பெற்றோர் இசைந்திருந்தனர், எனினும் முதல்நாள் இரவு நாங்கள் நால்வரும் நெடுநேரம் ஆராய்ந்தோம். இன்பச் செலவில் துன்பக் காட்சி எதற்கு என்றார் ஒருவர். கோயிலை மட்டும் கண்டு மீள்வது, ஒரு வீட்டிற்குச் சென்று அவ்வீட்டார் முகத்தைப் பாராது சுவரை மட்டும் பார்த்து வருவதை ஒக்கும் என்றேன் யான். இறுதியில் மாணவரிடமே கூறினோம்: "உள்ளே இருப்பது இன்னது, விரும்பாதார் வர வேண்டா." மூவர் வரவில்லை, ஓர் ஆசிரியர் அவரோடு விடுதியில் தங்கினார். அவரை அஞ்சியவர் என்று எவரும் இகழவில்லை. உள்ளே சென்றவர் வெளிவந்தபின் நெடும்பொழுது பேசவில்லை. போகுமிடந்தோறும் படம் எடுப்பவர் அன்று ஒன்றும் எடுத்திலர்.

மறுநாள் வடமேற்கே ஏறத்தாழ 315 கிலோமீட்டர் பேருந்திற் சென்று சியம் ரீப் நகரை அடைந்தோம். வழியெங்கும் நெல்வயல், வரப்பெங்கும் பனை. நம் பனையே அந்நாட்டிற்குத் தேசிய மரம். சாலைக்கு இடப்பக்கம் தொலைவில் தொன்லே சாப் என்னும் பேரேரி உள்ளது. அவ்வேரியையும் மீகாங் ஆற்றையும் இணைக்கும் ஆறு மழைக்காலத்தில் எதிர்த்து ஓடி ஏரியை நிரப்பும். மழை ஓய்ந்தபின் திரும்பி ஓடும்.

அங்கோர் வாட், 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரண்டாம் சூரியவர்மன் என்னும் கெமர் மன்னன் திருமாலுக்கு எடுத்த கோயில். பின்னர்ப் பௌத்தர் வழிபடும் இடமாயிற்று. சுற்றிலும் 190 மீட்டர் அகலமுள்ள அகழி. நடுவே ஏறத்தாழ 65 மீட்டர் உயர்ந்த கோபுரம். "இதனைக் கட்டியவர் தமிழரன்றோ, ஐயா?" என்று மாணவன் ஒருவன் வினவினான். நம்மவர் சிலர் மேடையேறி அவ்வாறு முழங்குவது உண்டு. அதற்குச் சான்றில்லை. கட்டியவர் கெமர் மக்கள். மன்னர் பெயரின் 'வர்மன்' என்னும் ஈறும், பல்லவர்கால எழுத்தின் வழிவந்த அவர்தம் எழுத்தும் நம் நாட்டுத் தொடர்பைக் காட்டும். தொடர்பு வேறு, உரிமை வேறு. இதனை அவ்விடத்திலேயே கூறினேன்.

கிழக்குச் சிற்பக்கூடத்தில், 49 மீட்டர் நீளத்தில், பாற்கடல் கடையும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. யான் கதை சொல்லிக்கொண்டிருக்க, மாணவியர் இருவர் சுவரோரம் நடந்து எண்ணத் தொடங்கினர். அசுரர் 92, தேவர் 88. "ஆள் குறைந்த பக்கம் எவ்வாறு ஈடுகொடுத்தது?" என்று கேட்டனர். நல்ல வினா! தனியே சென்றிருப்பின் யான் எண்ணியிரேன்.

ஏழாம் சயவர்மன் எழுப்பிய பயோன் கோயிலின் வெளிச்சுவரில் மீன் விற்பாரும், சேவற்போர் காண்பாரும், சமைப்பாரும் செதுக்கப்பட்டுள்ளனர். மாணவர் அங்கேதான் மிகுதியும் நின்றனர். மன்னரைக் கண்டு வியந்தவர், மக்களைக் கண்டு மகிழ்ந்தனர்.

மாலையில் எங்கள் வழிகாட்டியான இளைஞர் கெமர் எழுத்துகளைத் தாளில் எழுதிக் காட்டினார். ககர வரிசை, சகர வரிசை, டகரம், தகரம், பகரம் என்று அவர் ஒலித்த முறை நம் நெடுங்கணக்கின் முறையே. மாணவர் வியந்து அவரோடு சேர்ந்து ஒலித்தனர். அப்பொழுது ஒருத்தி, "உங்கள் தந்தையார் எப்பள்ளியில் இவற்றைக் கற்றார்?" என்று கேட்டாள். அவர் சற்று நேரம் வாளா இருந்தார். "அவர் கற்கவேண்டிய வயதில் பள்ளியே இல்லை. பகலெல்லாம் வாய்க்காற் கரைக்கு மண் சுமந்தார். அவ்வாட்சி ஒழிந்த பின்பு ஊரார் மரத்தடியில் பள்ளி வைத்தனர். பலகையும் இல்லை, தாளும் இல்லை. மண்ணில் குச்சியால் எழுதிப் பழகினார்" என்று கூறி, ககரத்தை மீண்டும் ஒருமுறை, பெரிதாக, எழுதிக் காட்டினார்.