ஊர் வரலாறும் கணினிக் கருவியும்

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் பல கோடி ஆண்டுகட்கு முன் வாழ்ந்த மரமொன்று கல்லாய்க் கிடக்கின்றது. அரியலூர்ப் பாறைகளில் பண்டைக் கடலுயிர்களின் சுவடுகள் பதிந்துள்ளன. கல் அவற்றைக் காத்தது. நாம் கணினியில் எழுதும் ஊர் வரலாறும் அவ்வாறு நிலைக்குமா?

பலர் கூடி எழுதுவதற்கு இருவகை மென்பொருள்கள் உள்ளன. ஒன்று, நிறுவனத்தின் தனியுடைமை; அதன் உள்ளமைப்பை நாம் மாற்றவியலாது. மற்றொன்று கட்டற்றது, அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம்.

முன்னது பெரும்பாலும் எளிது. பேணும் சுமையும் நமக்கில்லை. ஆயினும் சாவி பிறர் கையில் உள்ளது. யாஹூ நிறுவனம் 2009ஆம் ஆண்டில், சப்பான் நீங்கலாக, ஜியோசிட்டீஸ் சேவையை மூடியது. மக்கள் எழுதிய பக்கங்களுள் ஒரு பகுதியையே ஆர்வலர்கள் படியெடுத்துக் காத்தனர்.

2003ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, மீடியாவிக்கி என்னும் கட்டற்ற மென்பொருளால் இயங்குகின்றது. அதன் கட்டுரைகளையும் மென்பொருளையும் எவரும் படியெடுத்து வேறிடத்தில் நிறுவலாம். எனினும் ஊர்ப் பொது ஏரியும் தூர்வாராவிடில் பாழாகும்; கட்டற்ற கருவிக்கும் காப்போர் வேண்டும்.

ஆதலின் மாணவர்களே, கருவியைத் தேரும்முன் இரண்டு வினாக்களைக் கேளுங்கள்: எழுதியவற்றை நாளை முழுமையாக எடுத்துச் செல்ல இயலுமா? அவற்றைப் பேண நம்மிடையே ஆள் உண்டா?