காதுக் கருவி பெட்டியில் தூங்கலாமா?

மும்பை: ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா, "ஏன்டா முணுமுணுக்கிறாய்?" என்கிறார். உரக்கச் சொன்னால், "ஏன் கத்துகிறாய்?" என்று கோபிக்கிறார். இரண்டும் நியாயமே. முதுமையில் முதலில் மங்குவது 'ச', 'ஸ' போன்ற மெல்லிய ஒலிகள்தான். குரல் காதில் விழும், பேச்சு விளங்காது. தறிச் சத்தத்தில் பல ஆண்டுகள் நின்றவர்களுக்கு இது முன்னதாகவே வந்துவிடும்.

முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். குறும்பி அடைத்திருந்தாலும் கேட்காது. பாந்திராவில் 1983-ல் தொடங்கப்பட்ட அலி யாவர் ஜங் தேசிய நிறுவனத்தில் காதைப் பரிசோதித்துக் கருவியும் பொருத்துகிறார்கள். பரிசோதனை இல்லாமல் கடையில் வாங்காதீர்கள்.

கருவி வாங்கியதோடு வேலை தீராது. மூக்குக்கண்ணாடி போல் போட்டவுடன் தெளிந்துவிடாது. மறந்த ஒலிகள் மூளைக்குப் பழக வாரக்கணக்கில் ஆகும். மின்விசிறிச் சத்தமே முதலில் பேரிரைச்சலாகத் தோன்றும். அலுத்துப்போய்க் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுபவர்கள் பலர்.

அமைதியான அறையில், ஒருவரோடு மட்டும் பேசும்போது போடச் சொல்லுங்கள். நேரத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள். வீட்டாரும் டி.வி.யை நிறுத்திவிட்டு, முகம் பார்த்து, கத்தாமல் நிதானமாகப் பேசுங்கள். காது தவறவிட்ட எழுத்தைப் பல சமயம் உதடு காட்டிக் கொடுக்கும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை, இன்றே தொடங்கலாம்.