புள்ளி தெரியும் திரை: அலுவலகக் கணினித் திரையைத் தேர்ந்தெடுக்கும் முறை

மதுரையில் 'மாட்டுத்தாவணி' என்றால் இன்று பேருந்து நிலையமே நினைவுக்கு வரும். ஆயினும் தாவணி என்னும் சொல்லுக்கு மாட்டுச் சந்தை என்பதே பொருள். சந்தைக்கு மாடு பிடிக்கச் சென்ற உழவர் முதலில் பல்லைப் பார்த்தார், சுழியைப் பார்த்தார், நடக்கவிட்டுப் பார்த்தார். அதன் பின்னரே துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசினார். இன்று அதே மாட்டுத்தாவணியைச் சுற்றிலும் பேருந்து நிறுவனங்கள், பூச்சந்தை, காய்கனிச் சந்தை எனக் கணக்கும் கடிதமும் நடக்கும் இடங்கள் பெருகியுள்ளன. ஆனால் அலுவலகத்திற்குக் கணினித் திரை வாங்கும்போது நாம் கேட்கும் கேள்விகள் இரண்டே: எத்தனை அங்குலம்? என்ன விலை? நாள்தோறும் எட்டு மணி நேரம் ஒருவர் கண்பதித்துப் பணிபுரியப்போகும் பொருளுக்கு இவ்விரு கேள்விகளும் போதுமா என்பதே இக்கட்டுரையின் பொருள்.

புள்ளியின் அருமை

மெய்யெழுத்து புள்ளி பெறும் என்பது தொல்காப்பியர் காலத்து விதி. ஆனால் ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அஞ்சிப் பிற்காலத்தார் அதனை இடாது விட்டனர். படிப்பவரே இடமறிந்து மெய்யையும் உயிர்மெய்யையும் பகுத்துணர வேண்டியிருந்தது. செய்யுளுக்கு யாப்பு துணை நின்றது. அலுவலக ஆவணத்திற்கு அத்தகைய துணை ஏது? பெயரையும் ஊரையும் ஊகித்துப் படிக்க இயலுமா?

அலுவலகம் ஒன்றில் நாம் கண்ட நிகழ்ச்சி இது. 'கண்ணன்' என்னும் மாணவரின் பெயர் சான்றிதழில் 'கன்னன்' என்று அச்சாகிவிட்டது. தட்டச்சு செய்தவர் கவனமற்றவர் அல்லர். முப்பது ஆண்டுப் பட்டறிவு உடையவர். அவர் முன்னிருந்த பழைய திரையில் ணகரத்தின் சுழியும் னகரத்தின் சுழியும் ஒன்றாகவே மங்கித் தெரிந்தன. திருத்தம் பெற அம்மாணவர் இருமுறை ஊரிலிருந்து வந்து செல்ல நேர்ந்தது. பழி ஊழியர் மீது விழுந்தது. திரையை ஒருவரும் ஐயுறவில்லை.

1991இல் வெளிவந்த யூனிகோடின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் 'தமிழ் 99' விசைப்பலகை வந்தது. எழுத்துருவும் விசைப்பலகையும் இவ்வாறு செம்மையுற்ற பின்னரும், எழுத்தைக் காட்டும் திரை மங்கலாயின் பயன் என்ன?

அங்குலமும் படப்புள்ளியும்

திரையிலுள்ள எழுத்து யாவும் படப்புள்ளிகள் எனப்படும் நுண்ணிய கட்டங்களால் ஆனவை. ஓர் அங்குல நீளத்தில் எத்தனை படப்புள்ளிகள் உள்ளன என்பதே எழுத்தின் தெளிவை உறுதி செய்கிறது. திரையின் அகலத்தையும் உயரத்தையும் மட்டும் கண்டு மயங்குதல் கூடாது.

கடைகளில் கிடைக்கும் சில அளவுகளை ஒப்பிட்டு நோக்குவோம். 1366 × 768 படப்புள்ளிகள் கொண்ட 18.5 அங்குலத் திரையில் ஓர் அங்குலத்திற்கு ஏறத்தாழ 85 படப்புள்ளிகள் உள்ளன. 1920 × 1080 கொண்ட 21.5 அங்குலத் திரையில் 102. அதே எண்ணிக்கை கொண்ட 23.8 அங்குலத் திரையில் 93. 27 அங்குலத் திரையிலோ 82 மட்டுமே. அதே 27 அங்குலத்தில் 2560 × 1440 கொண்ட திரையாயின் 109.

மூன்று மில்லிமீட்டர் உயரமுள்ள ஓர் எழுத்தை எடுத்துக்கொள்வோம். 82 படப்புள்ளித் திரையில் அதற்குப் பத்துக்கும் குறைவான வரிசைகளே கிட்டும். 102 படப்புள்ளித் திரையில் பன்னிரண்டு கிட்டும். ஆங்கில எழுத்திற்குப் பத்து போதுமானதாக இருக்கலாம். தமிழுக்கோ மேலே புள்ளியும் இகரக் கொக்கியும், கீழே உகரக் குறியும், இடையே சுழிகளும் அச்சிறு இடத்தில் அடங்க வேண்டும். எனவே பெரிய திரையே நல்ல திரை என்னும் எண்ணம் தமிழ் அலுவலகத்திற்குப் பொருந்தாது. எழுத்துப் பணிக்கு 1920 × 1080 கொண்ட 21.5 முதல் 24 அங்குலம் வரை ஏற்றது. 27 அங்குலம் வேண்டுவோர் 2560 × 1440 கொண்டதையே நாடுதல் வேண்டும்.

நாற்பதைக் கடந்து வெள்ளெழுத்து வந்த நம் போன்றோர், எழுத்தைப் பெரிதாக்கும் பொருட்டுத் திரையின் படப்புள்ளி அளவைக் குறைத்து வைப்பதுண்டு. இது தவறு, எழுத்து பெரிதாகும், ஆனால் குழம்பும். திரைக்கு உரிய இயல்பான அளவை அப்படியே விடுத்து, காட்சி விகிதத்தை 125 விழுக்காடாக உயர்த்துவதே முறை. பழைய விஜிஏ கம்பியில் இணைத்தாலும் எழுத்தின் விளிம்பு மங்கக்கூடும். எச்டிஎம்ஐ போன்ற இணைப்பு உள்ளதா எனக் கணினியிலும் திரையிலும் பார்த்து வாங்குதல் நன்று.

கண்ணும் கழுத்தும்

பழைய கண்ணாடிக் குழாய்த் திரைகள் நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்பட்டபோது கண்ணுக்குச் சிமிட்டல் தெரிந்தது. ஆகவே 85 முறை வேண்டும் என்றனர். இன்றைய தட்டைத் திரைகளுக்கு அவ்விதி இல்லை. அலுவலகப் பணிக்கு 60 அல்லது 75 போதும். 144 என்றும் வளைந்த திரை என்றும் கூடுதல் விலை கொடுப்பது விளையாட்டுக்கே பயன்படும். அப்பணத்தை ஐபிஎஸ் வகைத் திரைக்கும், உயரம் மாற்றத்தக்க தாங்கிக்கும் செலவிடலாம். ஐபிஎஸ் திரையைப் பக்கவாட்டில் இருந்து நோக்கினாலும் எழுத்து நிறம் மாறாது. மேசைக்கு அப்பால் நிற்கும் மனுதாரரும் தம் பெயரைச் சரிபார்த்துக்கொள்ள இயலும்.

திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுக் கீழோ இருத்தல் வேண்டும். இருகுவியக் கண்ணாடி அணிவோர்க்கு இன்னும் தாழ்வாக இருத்தல் நலம். இடைவெளி ஒரு கை நீளம். மதுரை வெயில் சாளரம் வழியே திரையில் விழுமாயின் எந்தத் திரையும் பயன்படாது. ஆதலின் சாளரம் பக்கவாட்டில் அமையுமாறு மேசையை இடுதலும், பளபளப்பற்ற மேற்பரப்புடைய திரையை வாங்குதலும் தேவை. திரையை உற்று நோக்குங்கால் இமைப்பது குறைந்து கண் வறளும். 20 நிமிடத்திற்கு ஒருமுறை 20 அடிக்கு அப்பால் 20 நொடி நோக்குக என்பது கண் மருத்துவர் கூறும் எளிய விதி.

கழித்த பழைய கண்ணாடிக் குழாய்த் திரைகளில் ஈயம் உண்டு. அவற்றைக் காயலான் கடையில் உடைக்க விடாது, 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மின்கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைத்தல் நம் கடமை.

நிறைவாக

கடையில் ஓடும் வண்ணப் படத்தைக் கண்டு திரை வாங்காதீர்கள். ஒரு தமிழ்க் கடிதத்தைத் திறக்கச் சொல்லுங்கள். 'அரண், அரன், பணி, பனி, வேளை, வேலை' என்று தட்டச்சிட்டு, நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் எழுத்தளவில் வைத்து, ஒரு கை நீளம் விலகி அமர்ந்து படியுங்கள். அத்திரையில் பணியாற்றப்போகும் ஊழியரையும் உடன் அழைத்துச் சென்று படிக்கச் சொல்லுங்கள். சுழியும் புள்ளியும் ஐயமின்றித் தெரிந்தால் அதன் பின்னர் விலை பேசுங்கள். சுழி பார்த்து வாங்குவது தாவணிக்குப் புதிதன்றே!