உங்களுக்குத் தெரியுமா? குரோட்டோவ்ஸ்கி கழற்றிவிட்டவை

● போலந்தின் ஓப்போலே நகரில் 1959-இல் நாடக இயக்குநர் யெர்ஜி குரோட்டோவ்ஸ்கி பொறுப்பேற்ற அரங்கில் இருந்தது மொத்தமே 13 வரிசை இருக்கைகள். அரங்கின் பெயரும் 'பதின்மூன்று வரிசை அரங்கு'தான்.

● ஒப்பனை, செட், விளக்கு ஜாலம், பதிவுசெய்த இசை என்று ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டார். நடிகரும் பார்வையாளரும் மிஞ்சினால் போதும், அது நாடகம் என்றார். இதற்குப் பெயர் 'ஏழை அரங்கு'. பயிற்சியில் மட்டும் சிக்கனமே கிடையாது. நடிகர்களுக்கு முதுகு ஒடியும்.

● 'கோர்டியன்' (1962) பார்க்க வந்தவர்களை மனநல மருத்துவமனைக் கட்டில்களில் உட்கார வைத்தார். 'டாக்டர் ஃபாஸ்டஸ்' நாடகத்தில் பார்வையாளர்கள் விருந்தாளிகள்; அவர்கள் அமர்ந்திருந்த நீண்ட சாப்பாட்டு மேஜைகளின் மேலேயே நடிப்பு நடந்தது.

● 'அக்ரோபோலிஸ்' நாடகத்தின் கதைக்களத்தைக் கொண்டுபோய் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் வைத்தார். கூடவே வேலை செய்த யூசெஃப் ஷைனா அந்த முகாமிலிருந்து உயிரோடு திரும்பியவர். அடுப்புப் புகைக்குழாய், தள்ளுவண்டி, குளியல் தொட்டி: மேடையில் இவைதான். குழாய்களை மாட்டி மாட்டித் தங்களுக்கான எரியுலையைக் கைதிகளே கட்டி முடித்து, கடைசியில் வரிசையாக அதற்குள் இறங்கிப் போவார்கள்.

● 'நிலைமாறா இளவரசன்' (1965) சித்திரவதைப்பட்டுச் சாகிறவனின் கதை. இளவரசனாக நடித்த ரிஷார்ட் செஷ்லாக்கைப் பலகைத் தடுப்புக்கு மேலிருந்து, கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோல் பார்க்க வேண்டும். பார்த்தவர்களுக்குத் தெரிந்தது வதை. அவருக்குள் ஓடியதோ, விடலைப் பருவத்து முதல் காதலின் நினைவு! அந்த நினைவின் சின்னச் சின்ன அசைவுகளை குரோட்டோவ்ஸ்கியும் அவருமாகத் தனியே மாதக்கணக்கில் தேடி எடுத்து, அதன்மேல்தான் வசனத்தை ஏற்றினார்கள். நடிக்க வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்ல வேண்டிய சேதி இது. பின்னாளில் இயக்குநர் பீட்டர் புரூக்கின் 'மகாபாரத'த்தில் திருதராஷ்டிரனாக வந்தவரும் செஷ்லாக்தான்.

● 1969-க்குப் பிறகு குரோட்டோவ்ஸ்கி புது நாடகம் எதையும் அரங்கேற்றவில்லை. பார்வையாளரையும் கழற்றிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி முப்பது ஆண்டுகளும் ஆராய்ச்சி, பயிற்சி.

● இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், கிராமத்து வீட்டில், ஆசிரியையான அம்மா சிறுவன் யெர்ஜிக்குக் கொண்டுவந்து கொடுத்த புத்தகங்களில் ஒன்று பால் பிரண்டனின் இந்தியப் பயண நூல். ரமண மகரிஷியை அவன் சந்தித்தது அதில்தான். 1999 ஜனவரி 14 அன்று இத்தாலியின் பொந்தெதேராவில் இறந்தார் குரோட்டோவ்ஸ்கி. அவருடைய சாம்பல் தூவப்பட்ட இடம், அந்த ரமணர் வாழ்ந்த நம் திருவண்ணாமலை. கிரிவலம் போகிற நாடகக்காரர்கள் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போகலாம்.