கொக்குப் பாட்டுக்குச் சிறை!

குழந்தைகளே, டிசம்பர் 11-ம் தேதி எட்டயபுரம் வந்திருக்கிறீர்களா? பாரதியார் பிறந்த நாள். அன்றைக்கு எங்கள் ஊர்த் தெருவெல்லாம் குட்டிப் பாரதியார்களாக இருக்கும். கறுப்புக் கோட்டு, வெள்ளைத் தலைப்பாகை, கண்மையால் வரைந்த முறுக்கு மீசை! ஊர்வலம் முடிவதற்குள் வியர்வையில் பாதி மீசை கன்னத்துக்கு வந்துவிடும். வாத்தியாராக இருந்த காலத்தில் நானும் எத்தனையோ பிள்ளைகளுக்கு மீசை வரைந்துவிட்டவன்தான். ஆனால் அந்த மீசைக்காரர் தம் பத்திரிகையில் படம் போட்டு வெள்ளைக்காரர்களை எரிச்சலூட்டிய கதையைச் சொல்லிக்கொடுக்க விட்டுவிட்டேன். இப்போது சொல்கிறேன், கேளுங்கள்.

1906-ல் சென்னையில் 'இந்தியா' என்ற வார இதழ் தொடங்கியது. அதை நடத்தும் பொறுப்பு பாரதியாரிடம் வந்தது. அவருக்கு ஒரு கவலை. 1901-ல் எடுத்த கணக்கின்படி, நம் நாட்டில் நூறு பேரில் ஐந்து பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். பக்கம் பக்கமாக எழுதினால் மற்ற 95 பேருக்கு யார் போய்ச் சொல்வது?

படம் போட்டார். சும்மா அழகுக்குப் போடும் படம் இல்லை. அரசியலைக் கிண்டலாகச் சொல்லும் படம். அதைக் கருத்துப்படம் என்பார்கள். நீங்கள் கார்ட்டூன் என்கிறீர்களே, அதுதான். தமிழ்ப் பத்திரிகைகளில் அப்படிப் படம் போட்ட முன்னோடி அவர்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பாரதியாருக்குப் படம் வரையத் தெரியாது! கருத்து அவருடையது, தூரிகை வேறொருவருடையது. படம் வரைபவருக்குக் கை நன்றாக ஓடினால் மட்டும் போதாது. நாட்டில் என்ன நடக்கிறது, யார் யாரை ஏய்க்கிறார்கள் என்றெல்லாம் புரிந்தால்தானே கோடு சரியாக விழும்? சாமி படமும் ராஜா படமும் போட்டுப் பழகிய கைகள் நிறைந்திருந்த காலம் அது.

வெள்ளைக்கார அரசு சும்மா இருக்குமா? 'இந்தியா'வின் ஆசிரியர் என்று பதிவாகியிருந்தவர் எம். சீனிவாசன். 1908-ல் அவரைப் பிடித்துச் சிறையில் போட்டது. பாரதியார் புதுச்சேரிக்குப் போய்விட்டார். அது அப்போது பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர். அங்கிருந்தும் 'இந்தியா' வந்தது, படங்களோடுதான் வந்தது. 1910-ல் நின்றுபோயிற்று. படங்களுக்கென்றே 'சித்திராவளி' என்று தனி இதழ் நடத்தவும் அவருக்கு ஆசை இருந்தது. அது நடக்கவில்லை.

சரி, கொக்கு எங்கே என்று கேட்கிறீர்களா? வருகிறது.

எங்கள் பக்கத்து விளாத்திகுளம் வட்டாரத்தில் நாகலாபுரம் என்று ஓர் ஊர். அங்கே வாழ்ந்தவர் மதுரகவி பாஸ்கரதாஸ். இயற்பெயர் வெள்ளைச்சாமி. நாடகங்களுக்குப் பாட்டு எழுதுவார். நாடக நடிகர்கள் அவரிடம் பாட்டு வாங்கிக்கொண்டு போய் ஊர் ஊராகப் பாடுவார்கள்.

அந்தக் காலத்தில் ஊர்த் திருவிழாவில் 'வள்ளி திருமணம்' நாடகம் போடாமல் இருக்க மாட்டார்கள். விடிய விடிய நடக்கும். அதை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகளும் தூத்துக்குடிச் சீமைக்காரர்தான். வள்ளி தினைப்புனத்தில் பறவை விரட்டுவாள், முருகன் வேடம் மாறி வருவார், உங்களுக்குத் தெரிந்த கதைதான். முருகனாக நடிப்பதில் பேர்போனவர் விஸ்வநாத தாஸ். 1886-ல் சிவகாசியில் பிறந்தவர். அவர் மேடையில் வெள்ளைக் கொக்கைப் பற்றி ஒரு பாட்டுப் பாடுவார். பறவை விரட்டும் இடத்தில் கொக்குப் பாட்டு வந்தால் தப்பா என்ன? ஆனால் கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் அது எந்தக் கொக்கு என்று தெரியும். கடல் கடந்து வந்த வெள்ளைக் கொக்கு! நீங்கள் விடுகதை போடுவீர்களே, அதே மாதிரிதான். விடையை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், எல்லோரும் கை தட்டுவார்கள்.

போலீசுக்கும் விடை தெரிந்துவிட்டது. அரசுக்குப் பிடிக்காத நாடகத்தைத் தடுக்க 1876-லேயே சட்டம் போட்டு வைத்திருந்தார்கள். விஸ்வநாத தாஸ் பலமுறை சிறைக்குப் போனார். வெளியே வந்ததும் மறுபடி மேடை, மறுபடி அதே பாட்டு. சாதியைக் காரணம் காட்டி அவரோடு ஜோடியாக நடிக்க மறுத்த நடிகைகளும் உண்டு. நாட்டுக்காக ஜெயிலுக்குப் போனவருக்கு நம்மவர்கள் செய்த மரியாதை அது. 1940 டிசம்பர் 31 இரவு, சென்னையில் நாடகம். முருகன் வேடத்தில் மேடையில் இருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது.

நான் வாத்தியாராக இருந்த கரிசல் கிராமத்துப் பள்ளியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். படம் வரையச் சொன்னால் பிள்ளைகள் எல்லோரும் இரண்டு மலை, நடுவே சூரியன், கீழே ஓர் ஆறு என்று வரைவார்கள். எங்கள் ஊரில் மலையும் கிடையாது, ஆறும் கிடையாது! நான் சொல்லிக்கொடுத்த லட்சணம் அப்படி. ஒருநாள், "காலையில் எழுந்ததும் என்ன பார்த்தீர்களோ அதை வரையுங்கள்" என்றேன்.

முக்கால்வாசிப் பேர் அடிகுழாயும் காலிக் குடங்களும் வரைந்திருந்தார்கள். குடங்களின் வரிசை தாளை விட்டே வெளியே போயிற்று. கிராம சபை கூடிய நாளில் அந்தப் படங்களைக் கயிற்றில் கோத்து வேப்ப மரத்தடியில் தொங்கவிட்டோம். பார்த்தவர்கள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் பேச ஆரம்பித்தார்கள். பல மாதமாகக் கெட்டுக் கிடந்த அடிகுழாய் பத்தே நாளில் சரியாயிற்று. மறுநாள் ஓர் அம்மா என்னிடம் சண்டைக்கு வந்தார். "ஏன் சார், நான் குழாயடியில குடுமிப்பிடிச் சண்டை போடுறதையா ஊருக்கெல்லாம் காட்டுவீங்க?"

ஆனால் ஒரு சிறுமி குடம் வரையவில்லை. இருட்டு, நட்சத்திரம், ஒரு வேன். தீப்பெட்டிக் கம்பெனி வேன். ஜன்னலில் ஒரு முகம். யார் என்று கேட்டேன். "எங்க அக்கா சார்" என்றாள்.

அந்த அக்காவின் பெயர் என் வருகைப் பதிவேட்டில் இருந்தது. தினமும் அதற்கு நேரே 'வரவில்லை' என்று நான்தான் குறித்துக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலம் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அப்பா நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அக்கா பள்ளிக்குத் திரும்பவில்லை. படம் வரைந்தவளை மட்டும் அந்த வேனில் அவர் ஏற்றவே இல்லை.